மாணவர் ரோபோ போட்டிகள் தொலைக்காட்சிக்கு வருவது எப்படி?

ஒரு கல்லூரி அணி மாதக்கணக்கில் கண்விழித்துச் செய்த ரோபோ, 3 நிமிட ஆட்டத்தில் கோப்பையை வெல்கிறது. மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு குழுப்படமும் நான்கு வரியும் வருகின்றன. டி.வி.யில் ஒரு ஸ்க்ரோல் ஓடினால் அதுவே பெரிது. கிரிக்கெட்டை நாள் முழுக்கக் காட்டுகிறவர்கள் பிள்ளைகள் செய்த ரோபோவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா என்று பெற்றோரும் பேராசிரியர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஊடகங்களுக்கு அறிவியலில் அக்கறை இல்லை என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்.

அந்தப் பதில் முழு உண்மையாக இருந்தால் ஒரு விஷயத்தை விளக்க முடியாது. ஆசிய - பசிபிக் நாடுகளின் கல்லூரி மாணவர்களுக்கான பெரிய ரோபோ போட்டியை நடத்துவதே தொலைக்காட்சி நிறுவனங்கள்தான். வியட்நாமில் அது அரசுத் தொலைக்காட்சியின் முக்கியமான நேரலை நிகழ்ச்சி. அப்படியானால் ஒரு போட்டி திரைக்குப் போகிறது, இன்னொன்று அரங்கத்தோடு முடிகிறது. இதைத் தீர்மானிப்பது எது? பத்திரிகைக் குறிப்பை எவ்வளவு நன்றாக எழுதினோம் என்பதைவிட, ஆட்டத்தின் விதிகளை எப்படி எழுதினோம் என்பதே இதில் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ‘கவரேஜ்’ என்ற ஒரே சொல்லில் நான்கு வேலைகள்

ஏற்பாட்டாளர்கள் “டி.வி. கவரேஜ் வேண்டும்” என்று சொல்லும்போது நான்கு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அணுக வேண்டிய ஆள் வேறு, ஆகும் செலவு வேறு.

1. செய்தி. ஒரு நிருபரும் கேமராமேனும் வருவார்கள். சில விஷுவல், இரண்டு பைட் எனப்படும் சிறு பேட்டித் துண்டு, ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடப் பேக்கேஜ், அதாவது தொகுத்த செய்தி. ஏற்பாட்டாளருக்குச் செலவில்லை. எது வரும், எது வெட்டுப்படும் என்பதும் அவர் கையில் இல்லை.

2. இணைய நேரலை. ஏற்பாட்டாளரே கேமரா வைத்து யூடியூபிலோ ட்விட்ச் என்ற நேரலைத் தளத்திலோ போட்டி முழுவதையும் விடுவது. முழுக் கட்டுப்பாடும் அவரிடமே. அணிகளின் குடும்பத்தாரும் பழைய மாணவர்களும் பார்ப்பார்கள். தற்செயலாக வந்து பார்ப்பவர்கள் குறைவு.

3. முழு ஒளிபரப்பு. விளையாட்டைக் காட்டுவதுபோலப் பல கேமரா, வர்ணனை, திரையில் ஸ்கோர், ரீப்ளே ஆகியவற்றோடு ஒரு சேனல் ஒளிபரப்புவது. இதற்கு ஓபி வேன் தேவை. அரங்கத்துக்கு வெளியே நிற்கும் நடமாடும் கட்டுப்பாட்டு அறை அது. எல்லா கேமராக்களின் படமும் அங்கே வந்துசேரும். எது திரைக்குப் போக வேண்டும் என்று இயக்குநர் அங்கே உட்கார்ந்து நொடிக்கு நொடி தேர்ந்தெடுப்பார்.

4. தொகுத்த சிறப்பு நிகழ்ச்சி. பல நாள் படம்பிடித்து, அணிகளின் பின்னணியையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குள் அடக்கிப் பிறகு காட்டுவது.

நான்காவதற்கு நல்ல உதாரணம் 2011இல் அமெரிக்காவில் நடந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபோ போட்டியின் இறுதிச் சுற்று அந்த ஆண்டு ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. பாடகர் வில்.ஐ.ஆம் முன்னின்று அதை ஒரு சிறப்பு நிகழ்ச்சியாக உருவாக்கினார். ஏ.பி.சி. சேனலில் ஆகஸ்ட் 14 அன்று அது ஒளிபரப்பானது. போட்டியை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பு தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த நேரம் அது. பெரிய சேனல் ஒன்றில் ஒரு மணி நேரம் கிடைக்க ஒரு நட்சத்திரம் தேவைப்பட்டது. போட்டி நடந்து மூன்று மாதங்களுக்கு மேல் கழித்துக் காட்டியதால், யார் வென்றார்கள் என்ற ஆவல் அதில் இருக்க வாய்ப்பில்லை. அது பாட்டும் கொண்டாட்டமும் மாணவர் கதைகளும் சேர்ந்த நிகழ்ச்சி. அதில் தவறில்லை. ஆனால் ‘போட்டி ஒளிபரப்பானது’ என்று அதைச் சொல்ல முடியாது.

## பணம் எந்தப் பக்கம் பாய்கிறது

ஐ.பி.எல். கிரிக்கெட்டின் 2023 - 27 காலத்துக்கான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. அங்கே பணம் சேனலிலிருந்து ஏற்பாட்டாளரை நோக்கிப் போகிறது. பார்வையாளர்கள் உறுதியாக இருப்பதால் விளம்பரம் உறுதி. விளம்பரம் உறுதியாக இருப்பதால் உரிமைக்கு விலை.

மாணவர் ரோபோ போட்டியில் இது தலைகீழ். ஒரு தனியார் சேனலில் அரை மணி நேரம் வேண்டுமென்றால், பெரும்பாலும் ஏற்பாட்டாளர் அந்த நேரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். சேனல் வட்டாரத்தில் இதை ஸ்லாட் வாங்குவது என்பார்கள். நிகழ்ச்சியைத் தயாரிக்கும் செலவும் அவருடையதே. ஞாயிறு காலைகளில் நகைக்கடையும் மருத்துவமனையும் வாங்கும் அரை மணி நேரத்துக்கும் இதற்கும் கணக்கில் வேறுபாடு இல்லை.

இங்கே அடிக்கடி எழும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளைத் தூர்தர்ஷன் காட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அது ரோபோ போட்டிக்கு உதவாதா என்று கேட்கிறார்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது வேறு. மத்திய அரசு அறிவிக்கும் முக்கியப் போட்டிகளின் உரிமையை ஒரு தனியார் சேனல் வைத்திருந்தால், அந்த ஒளிபரப்புச் சமிக்ஞையைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்பதே அதன் சாரம். ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருக்கும் ஒளிபரப்பைப் பகிர்வதற்கான சட்டம் அது. எவருமே தயாரிக்காத ஒளிபரப்பை அது உருவாக்கித் தராது.

## டி.வி.க்காரர்களே நடத்தும் போட்டி

இப்போது எதிர்த் திசையிலிருந்து பார்ப்போம். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1988இல் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கான ரோபோ போட்டியைத் தொடங்கியது. அதன் இறுதிச் சுற்று சுமோ மல்யுத்தம் நடக்கும் டோக்கியோவின் ரியோகொகு அரங்கில் நடப்பது வழக்கம். அந்த இடத் தேர்வுக்கே ஒரு பொருள் உண்டு. நாட்டின் பாரம்பரிய விளையாட்டுக்கு உரிய மேடையை, எண்ணெய்க் கறை படிந்த உடையோடு வரும் மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

அந்த வழியில் 2002இல் டோக்கியோவில் தொடங்கியதுதான் ஏ.பி.யு. ரோபோகான். ஏ.பி.யு. என்பது ஆசிய - பசிபிக் ஒளிபரப்பாளர் ஒன்றியம். கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, ஒளிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு. ஒவ்வொரு நாட்டிலும் தேசியச் சுற்றை நடத்தும் பொறுப்பு அங்குள்ள உறுப்பு நிறுவனத்துடையது. இந்தியாவில் தூர்தர்ஷன், வியட்நாமில் வி.டி.வி., மலேசியாவில் ஆர்.டி.எம்., இலங்கையில் ரூபவாஹினி. இந்தியா மூன்று முறை சர்வதேசச் சுற்றை நடத்தியிருக்கிறது: 2008இலும் 2014இலும் புனேயில், 2022இல் தில்லியில்.

ஒளிபரப்பாளர்களே நடத்தினால் என்ன மாறும்? கேமரா எங்கே நிற்கும் என்பதை யோசித்தே ஆட்டம் பிறக்கும். ரோபோகானில் ஆண்டுதோறும் ஆட்டம் மாறுகிறது. போட்டியை நடத்தும் நாடுதான் அதை வடிவமைக்கிறது. அந்த ஆட்டங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒரு பாடத்திட்டமே கிடைக்கும்.

2008இல் புனே எடுத்துக்கொண்டது கோகுலாஷ்டமியின் உறியடி. பானையும் வெண்ணெயும் களத்தில் இருந்தன. 2022இல் தில்லி எடுத்துக்கொண்டது லகோரி. கற்களை அடுக்கி, பந்தால் தட்டிக் கலைத்து, எதிராளி பந்தெறிவதற்குள் மீண்டும் அடுக்கும் நம் தெரு விளையாட்டு. ஒரு ரோபோ பந்தை எறிந்து அடுக்கைக் கலைத்தது. கூட்டாளி ரோபோ அதை மறுபடி அடுக்கியது. அதன் தலையில் இருக்கும் பந்தைத் தட்டிவிட எதிரணி ரோபோ குறிவைத்தது. தெருவில் ஒருமுறையாவது அதை ஆடியிருந்தால் போதும், விதிப்புத்தகத்தைத் திறக்காமலேயே இதைப் பார்க்கலாம்.

2024இல் வியட்நாமின் குவாங் நின் மாகாணம் வைத்த ஆட்டம் நெல் அறுவடை. நாற்று நட்டு, மணிகளைச் சேர்த்து, பதரை ஒதுக்கிவிட்டுக் குதிரில் போட வேண்டும். மணிகளும் பதரும் வெவ்வேறு நிறப் பந்துகள். பதரை ரோபோ எடுக்கப்போனால் விவசாயம் தெரிந்த எந்தப் பாட்டியும் ‘ஐயோ, அதை எடுக்காதே’ என்று சொல்லிவிடுவார். படக்கருவி கொண்டு நிறத்தைப் பிரித்தறிவது கடினமான பொறியியல் சிக்கல். அது அத்தனையும் ஒரே பார்வையில் புரியும் காட்சியாக மாறிவிடுகிறது.

இதைவிட முக்கியமான இன்னொரு உத்தி இருக்கிறது. பல ஆண்டுகளில் ரோபோகான் ஆட்டம் 3 நிமிடம். ஆனால் குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்து முடித்தால், நேரம் மீதமிருந்தாலும் ஆட்டம் அந்த நொடியே முடியும். அந்த அணி வென்றதாகிவிடும். அந்த வெற்றிக்கு ஒரு பெயரும் சூட்டுவார்கள். 2018இல் வியட்நாமில் அதன் பெயர் ‘ரோங் பாய்’, பறக்கும் டிராகன். 2019இல் மங்கோலியாவின் உலான்பாத்தரில் ‘ஊகாய்’. அங்கே தூதஞ்சல் குதிரையை நினைவூட்டும் நான்கு கால் ரோபோ, சக்கரம் இல்லாமல் நடந்துபோய், மலை உச்சி ஏறி, தூதுவரின் அடையாளப் பலகையை உயர்த்த வேண்டும். உயர்த்திய கணத்தில் அரங்கமே ‘ஊகாய்’ என்று கத்தும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். புள்ளிக் கணக்கில் மட்டும் வெற்றி தீர்மானமாகும் ஆட்டத்தில், முடிவு தெரிய நடுவர் கூட்டிச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பெயர் சூட்டிய உடனடி வெற்றி இருந்தால், கேமராமேனுக்கு எதைக் குறிவைத்து நிற்க வேண்டும் என்று தெரியும். வர்ணனையாளருக்கு எப்போது குரலை உயர்த்த வேண்டும் என்று தெரியும். வீட்டில் பார்ப்பவருக்கு எதற்காக மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும். மறுநாள் செய்தியில் காட்ட 10 விநாடிக் காட்சியும் தயார். கால்பந்தின் கோலுக்கும் கபடியில் கோட்டைத் தொடும் கைக்கும் உள்ள பலம் இதுவே.

## அமெரிக்கப் பாதை: 28 அணிகளிலிருந்து

டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். முதல் போட்டி 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பள்ளி உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் 28 அணிகளோடு நடந்தது. இன்று அதே போட்டியில் 3,000க்கும் மேற்பட்ட அணிகள். விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் அறிவியல் மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது கேமனின் தொடக்க நோக்கங்களில் ஒன்று. அரங்கத்துக்குள் அந்த நோக்கம் நிறைவேறிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் கூடிக் கத்துகிறார்கள். தொலைக்காட்சியில் நிறைவேறவில்லை. ஏன்?

ஒரு ஆட்டத்தில் மூன்று அணிகளின் கூட்டு ஒன்றும் அதன் எதிர்க்கூட்டும் என 6 ரோபோக்கள் ஒரே நேரத்தில் களத்தில் ஓடும். 2025 வரை பல ஆண்டுகளாக ஆட்டத்தின் நீளம் இரண்டரை நிமிடம். அதில் முதல் 15 விநாடி ரோபோக்கள் தாமாகவே இயங்கும். மீதி நேரம் மாணவர்கள் இயக்குவார்கள். 6 ரோபோவும் 6 வேலை செய்துகொண்டிருக்கையில் எந்த ஒன்றைக் காட்டுவது? நெருக்கத்தில் காட்டினால் ஆட்டம் தெரியாது. அகலத்தில் காட்டினால் ரோபோவின் நுட்பம் தெரியாது. அணியினர் தங்கள் ஆய்வுக்குக் கேட்பது முழுக் களத்தையும் காட்டும் அசையாத கேமராவை. பொதுப் பார்வையாளருக்கு வேண்டியது நெருக்கமான காட்சியை. இந்த இரண்டு பசியும் ஒரே நேரலையில் அடங்காது.

ஆட்டத்தின் வடிவம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு ஃபர்ஸ்ட் அமைப்பின் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடலாம். 2012இல் ஆட்டம் கூடைப்பந்து: பந்து, வளையம், எதிரணியின் தடுப்பு. பார்க்க வந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2015இல் பெட்டிகளை அடுக்கும் ஆட்டம். இரு அணிக் கூட்டும் களத்தின் தத்தம் பாதியில் தனித்தனியே அடுக்கின. தகுதிச் சுற்றில் வெற்றி, தோல்வி என்பதே கிடையாது. சராசரிப் புள்ளியை வைத்துத் தரவரிசை. பொறியியலாக அதில் அருமையான ரோபோக்கள் பிறந்தன. ஆனால் யார் வென்றார் என்ற கேள்விக்குப் பதிலே இல்லாத ஆட்டத்தை எந்த வர்ணனையாளராலும் தூக்கி நிறுத்த முடியாது.

எளிய வழி ஒன்று உண்டு. ரோபோக்களைச் சண்டையிட விடுவது. பிரிட்டனில் பி.பி.சி. 1998இல் தொடங்கிய ரோபோ சண்டை நிகழ்ச்சியும், அமெரிக்காவில் 2000இல் கேபிள் சேனலில் தொடங்கி 2015இல் ஏ.பி.சி.க்கும் 2018இல் டிஸ்கவரிக்கும் போன பேட்டில்பாட்ஸும் காட்டியது இதைத்தான். ரோபோ உடைந்தால் குழந்தைக்கும் புரியும். அதனால் சேனல்கள் வாங்கின. ஃபர்ஸ்ட் இந்த வழியில் போக மறுத்தது. கடுமையாக மோது, ஆனால் எதிரணியின் பழுதான ரோபோவைச் சரிசெய்யவும் ஓடிப் போ என்பது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் அங்கே வேரூன்றவைத்த பண்பு. அந்த மறுப்பால் பார்வையாளர் எண்ணிக்கையில் இழப்பு இருந்திருக்கும். இருந்தாலும் மாணவர் போட்டிக்கு அதுவே சரியான முடிவு என்று உறுதியாகச் சொல்வேன். எதிரணிக்கு ஸ்பானர் கொடுக்க ஓடும் காட்சியை யாராவது கேமராவில் பிடித்தால், அது எந்த உடைப்பையும்விட நீண்ட நாள் நினைவில் நிற்கும்.

## விதி எழுதும் மேசையில் கேட்க வேண்டியவை

மாவட்ட அளவிலோ கல்லூரி விழாவிலோ புதிதாக ஒரு போட்டியை வடிவமைப்பவர்கள், விதிகளை அச்சுக்கு அனுப்பும் முன் இவற்றைச் சோதிக்கலாம்.

1. ஒலியை அணைத்துவிட்டு 30 விநாடி பார்க்கும் ஒருவருக்கு யார் முந்துகிறார் என்று தெரியுமா?

2. இரு அணியின் நிறமும் ரோபோவின் மேல் பளிச்சென்று தெரிகிறதா? பல போட்டிகளில் நிறப்பட்டை ரோபோவின் பக்கவாட்டில் இருக்கும். மாடியில் நிற்கும் கேமராவுக்கு அது தெரியவே தெரியாது.

3. ஸ்கோர் உடனுக்குடன் திரையில் மாறுமா? ஆட்டம் முடிந்து 5 நிமிடம் கழித்து நடுவர் தாளைப் பார்த்துச் சொல்வார் என்றால், நேரலையில் அந்த 5 நிமிடம் செத்த நேரம்.

4. எந்த நொடியிலாவது தலைகீழ் மாற்றம் சாத்தியமா? கடைசி 20 விநாடியில் செய்யக்கூடிய பெரிய செயல் ஒன்று இருக்கிறதா?

5. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்? அதில் காட்ட என்ன இருக்கிறது?

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறக்கிறார்கள். 3 நிமிட ஆட்டத்துக்குப் பிறகு களத்தைத் தயார் செய்யவே 6, 7 நிமிடம் ஆகிவிடும். ஆகவே நேரலையின் பெரும்பகுதி ஆட்டம் இல்லாத நேரம். அணிகள் ரோபோவைச் சரிசெய்யும் ‘பிட்’ பகுதியில் ஒரு கேமராவும், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு மாணவரும் இருந்தால் அந்த நேரமே நிகழ்ச்சியின் சிறந்த பகுதியாகிவிடும். சங்கிலி அறுந்து, அடுத்த ஆட்டத்துக்கு 4 நிமிடம் மட்டும் மீதமிருக்கும் அணியிடம் இருக்கும் பதற்றம், களத்தில் நடக்கும் எதற்கும் குறைந்ததில்லை.

## செய்திக்கு வேண்டியது ரோபோ அல்ல, ஆள்

முழு ஒளிபரப்புக்கு ஆட்டத்தின் வடிவம் முக்கியம். செய்திக்கு அப்படியில்லை. 2017 ஜூலையில் ஃபர்ஸ்ட் குளோபல் என்ற பன்னாட்டுப் போட்டி முதன்முறையாக வாஷிங்டனில் நடந்தது. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரைச் சேர்ந்த 6 மாணவிகளின் விசா விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவியது. அமெரிக்க அதிபர் தலையிட்ட பிறகு அவர்கள் வந்துசேர்ந்தார்கள். அரங்கத்தில் கேமராக்கள் மொய்த்தது அந்த அணியின் மேசையைச் சுற்றித்தான். அந்த ஆண்டு எந்த நாடு முதலிடம் பிடித்தது என்று இன்று கேட்டால் சொல்பவர்கள் மிகக் குறைவு. ஹெராத் மாணவிகளைப் பலருக்கு நினைவிருக்கிறது.

இன்னொரு உதாரணம் மெதுவாக நடந்தது. 2004இல் கலிபோர்னியாவில் நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான போட்டி. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் உள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியின் 4 மாணவர்கள், பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டிச் செய்த ரோபோவோடு போய், எம்.ஐ.டி. அணியையும் தாண்டி வென்றார்கள். நால்வரும் மெக்சிகோவிலிருந்து வந்து, குடியேற்ற ஆவணமின்றி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். 2005இல் வயர்ட் இதழ் அவர்கள் கதையை விரிவாக எழுதிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பிறகு அது திரைப்படமாகவும் ஆனது. போட்டி நடந்த நாளில் அங்கே பெரிய சேனல்களின் கூட்டம் இல்லை. யாரோ ஒரு எழுத்தாளர் உட்கார்ந்து பேசக் கிடைத்ததுதான் திருப்பம்.

இதிலிருந்து உள்ளூர் ஏற்பாட்டாளருக்குக் கிடைப்பது என்ன? நிருபர்களுக்கு வேலையைப் பிரித்துத் தரும் சேனலின் அசைன்மென்ட் டெஸ்க்குக்கு அனுப்பும் குறிப்பில் வழக்கமாக இருப்பது: சிறப்பு விருந்தினர் பெயர், பங்கேற்கும் கல்லூரிகளின் எண்ணிக்கை, குத்துவிளக்கு ஏற்றும் நேரம். நிருபருக்கு இவற்றில் செய்தி ஏதும் இல்லை. அவர் தேடுவது மூன்று விஷயம்:

1. ஓர் ஆள். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாவின் மகள், பழைய தையல் எந்திர மோட்டாரை வைத்து ரோபோவின் கையைச் செய்திருக்கிறார் என்பதுபோல ஒரு வரியில் சொல்லக்கூடிய உண்மை. அப்படி ஒருவர் உங்கள் போட்டியில் இருக்கிறாரா என்று அணிகளிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால்தான் தெரியும்.

2. ஒரு நேரம். கேமரா அணி அங்கே நிற்பது பெரும்பாலும் 20 நிமிடம். காலை 10 மணிக்கு வரச் சொல்லி, 11.30 வரை வரவேற்புரையும் பொன்னாடையும் நடந்தால், ரோபோ ஓடுவதைப் படம்பிடிக்காமலேயே அவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்கள். பிறகு செய்தியில் மேடைதான் வரும். விழாத் தொடக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதல் ஆட்டத்தை முன்னால் வைப்பது மட்டுமே பல போட்டிகளின் தலைவிதியை மாற்றிவிடும்.

3. தெளிவாகப் பேசும் மாணவர். ‘இன்வெர்ஸ் கினமேட்டிக்ஸ் போட்டிருக்கோம் சார்’ என்ற பைட் ஒளிபரப்பாகாது. ‘கை எங்கே போகணும்னு சொன்னா போதும், ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு மடங்கணும்னு அதுவே கணக்குப் போட்டுக்கும்’ என்று சொன்னால் ஒளிபரப்பாகும். இதை முந்தைய நாள் பத்து நிமிடம் பழக்கினால் போதும்.

## சொந்த நேரலையில் சறுக்கும் இடங்கள்

ஓபி வேனும் சேனலும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சமூகம் சேனல்களுக்காகக் காத்திராமல் வளர்ந்தது. தொடக்க காலத்தில் நாசா தன் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் ஆட்டங்களைக் காட்டியது. பிறகு ட்விட்ச் நேரலைகள் வந்தன. ‘தி புளூ அலையன்ஸ்’ என்ற தளத்தைத் தன்னார்வலர்கள் உருவாக்கி, ஆட்ட வாரியாகக் காணொளிகளையும் முடிவுகளையும் தொகுத்தார்கள். ஆனால் நேரலைக்கென்று சில நுட்பச் சிக்கல்கள் இருக்கின்றன.

1. வைஃபை. பல போட்டிகளில் ரோபோக்களே வைஃபையில்தான் இயங்குகின்றன. பார்வையாளர் பகுதியிலிருந்து ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டு நேரலை விட்டால், அந்த அலை ரோபோவின் கட்டளையோடு மோதலாம். இதனாலேயே ஃபர்ஸ்ட் போட்டி அரங்கில் அணிகள் சொந்த வைஃபை அமைக்கத் தடை உண்டு. நேரலைக் கணினிக்குக் கேபிள் இணைப்பு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1080பி என்ற முழு எச்.டி. தரத்துக்கு விநாடிக்கு 6 மெகாபிட் அளவில் அனுப்பினால், பதிவேற்ற வேகம் அதைப்போல் இருமடங்காவது இருப்பது பாதுகாப்பு.

2. விளக்கு. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தரம் குறைந்த எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு விநாடியில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். தானியங்கி அமைப்பில் விட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் படம் மாறும்.

3. இசை. அரங்கில் திரைப்பாடல் போட்டால் உற்சாகம் வரும். அதே பாடல் நேரலையின் ஒலியிலும் போனால், யூடியூப் காப்புரிமைக் கோரிக்கை வந்து காணொளி முடங்கலாம். ட்விட்ச்சில் பதிவின் ஒலி அணைந்துபோகும். மாணவர் வாழ்நாளெல்லாம் காட்ட நினைத்த இறுதி ஆட்டம் ஊமைப்படமாக நிற்கும். அரங்க ஒலிக்கும் நேரலைக்கும் தனித்தனி ஒலி இணைப்பு கொடுத்து, நேரலைக்கு வர்ணனையையும் களத்தின் சத்தத்தையும் மட்டும் அனுப்புவதே வழி.

4. கணக்கு. யூடியூபில் புதிய கணக்கில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போட்டி நாள் காலையில் கணக்கு தொடங்கி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

வர்ணனைக்கு வெளியாள் வேண்டாம். சென்ற ஆண்டு ஆடிய மாணவர் ஒருவரும், ரோபோ பற்றி எதுவும் தெரியாத ஆனால் ஆர்வமாகக் கேட்கும் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். தெரியாதவர் கேட்பதைத்தான் வீட்டில் பார்ப்பவரும் கேட்க நினைப்பார். தமிழ்நாட்டுப் போட்டிகளில் வர்ணனை தமிழிலேயே இருக்கட்டும். மைக்கைப் பிடித்ததும் ஆங்கிலத்துக்குத் தாவும் பழக்கத்தால், பிள்ளையைப் பார்க்க ஃபோனைத் திறந்த தாத்தா பாட்டியை இழக்கிறோம்.

## ஒப்புதல்

பள்ளி மாணவர் என்றால் முகத்தைக் காட்ட பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முன்பே கையில் இருக்க வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஃபர்ஸ்ட் அமைப்பில் பதிவு செய்யும்போதே இந்தப் படிவம் கட்டாயம். ஒப்புதல் தராத பிள்ளைகளின் அணிக்குப் பட்டையோ அட்டையோ கொடுத்து, கேமராமேனுக்கு முன்பே சொல்லிவிடுவது எளிய நடைமுறை. நேரலையில் மார்பில் தொங்கும் அடையாள அட்டையின் ஃபோன் எண்ணும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

## திரைக்கு வந்தால் என்ன நடக்கும்

வியட்நாம் இதற்குச் சான்று. 2002 முதல் 2018 வரை ரோபோகானில் அந்த நாடு 7 முறை சாம்பியன். முதல் கோப்பையை ஹோ சி மின் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வென்றது. பின்னாளில் டோங் நாய் மாகாணத்தின் லாக் ஹோங் என்ற தனியார் பல்கலைக்கழகம் 2014, 2017, 2018 ஆண்டுகளில் வென்றது. தலைநகரின் புகழ்பெற்ற கல்வி நிலையம் அல்ல அது. தேசியச் சுற்றுகளை நாடு முழுவதும் டி.வி.யில் பார்க்கிறார்கள் என்பது அப்படியொரு கல்லூரிக்கு என்ன தரும் என்று யோசியுங்கள். சேர விரும்பும் மாணவர்கள் வருவார்கள், மோட்டாரும் உலோகமும் தரும் நிறுவனங்கள் வரும், அடுத்த ஆண்டு அணிக்குப் பட்டறை கிடைக்கும். ஒளிபரப்பு மட்டுமே இத்தனையும் செய்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் காண்பவர் இல்லாத போட்டிக்கு நிதி தருபவரும் இருக்கமாட்டார்.

இந்தியாவிலும் சட்டகம் இருக்கிறது. தூர்தர்ஷன் தேசிய ரோபோகானை நடத்துகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பங்கேற்கின்றன. இல்லாதது, மாநில மொழிச் சேனலில் அந்த ஆட்டங்களின் தொகுப்பும், மாவட்ட அளவில் அதற்கு ஈடான மேடையும். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலுக்குப் பொது ஒளிபரப்பு என்ற கடமை இருப்பதால், ஸ்லாட் விலை பேசாமல் கதவைத் தட்டக்கூடிய முதல் இடம் அதுவே. நல்ல தரத்தில் பதிவு செய்து, எழுத்தும் ஸ்கோரும் ஒட்டாத தூய காட்சியைத் தனியாகவும் சேமித்து, 24 நிமிடத்துக்குள் தொகுத்த ஒரு மாதிரியோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். எழுத்து ஒட்டிய காட்சியைச் சேனலால் தன் பாணிக்கு மாற்ற முடியாது. தூய காட்சியை மாற்ற முடியும்.

காலமும் முக்கியம். ஃபர்ஸ்ட் தன் ஆட்டத்தை ஜனவரித் தொடக்கத்தில் வெளியிடுகிறது. ரோபோகானின் ஆட்டம், போட்டிக்குப் பல மாதம் முன்பே அறிவிக்கப்பட்டுவிடும். அறிவித்த நாளிலிருந்து ரோபோ களமிறங்கும் நாள் வரை ஒவ்வொரு அணியின் பட்டறையிலும் நடப்பதுதான் சிறப்பு நிகழ்ச்சிக்கான மூலப்பொருள். போட்டி நாளில் கேமராவைத் தூக்கினால் அதெல்லாம் போய்விட்டிருக்கும். ஒவ்வோர் அணியிலும் ஒருவருக்கு முதல் நாளிலிருந்தே ஃபோனில் படம்பிடிக்கும் பொறுப்பைக் கொடுத்து, படுக்கை வாக்கில் பிடிக்கச் சொல்லி, தோற்றுப்போன சோதனைகளையும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். சேனல்காரர் முதலில் கேட்பது அந்தக் காட்சிகளைத்தான்.